நீர்மேல் வைத்த பாதம்

ஒரு கதை எவ்விடத்தில் நிறுத்தப்படுகிறது என்பது ஆசிரியனின் உத்தியை மட்டும் காட்டுவதன்று. எந்தக் கேள்விக்கு அவன் விடை கூறினான், எந்தக் கேள்வியைச் சுவைப்போர் கையில் விட்டுச் சென்றான் என்பதில் அவனுடைய உலகநோக்கு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. முடிவைக் கூறாது நிறுத்துவதே உயர்ந்த கலை என்றொரு கருத்து இன்று நம்மிடையே செல்வாக்குப் பெற்றுள்ளது. கடைசிப் பந்தியை வெட்டிவிட்டால் கதைக்கு ஆழம் வந்துவிடும் என்று எண்ணி எழுதும் இளைஞர் பலரை நான் அறிவேன். வெட்டப்பட்ட பந்தியில் என்ன இருந்தது என்று கேட்டால் அவர்களுக்கே தெரிவதில்லை. முடியாத முடிவுகள் எல்லாம் ஒரே தன்மையின அல்ல. சில, சமுதாயம் இன்னும் தீர்க்காத ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாகப் பொய் கூற மறுப்பதனால் முடியாது நிற்பன. வேறு சில, தாம் எழுப்பிய பிரச்சினையை எதிர்கொள்ள அஞ்சி, கதவை மெல்லச் சாத்திவிட்டு அகல்வன.

இந்த வேறுபாட்டை ஆராய்வதற்கு ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கொள்கிறேன். முகமூடி வீரர்களின் கதைக்கு முற்போக்கு ஏட்டில் என்ன வேலை என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆனால் கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நம் மாணவர் கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி பிரதி செய்து பார்ப்பன இத்தகைய தொடர்களே. அவற்றைப் பற்றி அவர்கள் தம்முள் வாதிடுகையில் நாம் வகுப்பறையில் அகத்திணை மரபை மட்டும் விளக்கிக்கொண்டிருந்தால், அவர்களின் சுவையுணர்வை உருவாக்கும் பொறுப்பை வியாபாரிகளிடம் ஒப்படைத்தவர்களாவோம்.

தொடரின் பெயர் 'வொட்ச்மென்'. டேமன் லின்டலொஃப் என்பவரின் ஆக்கத்தில், எச்.பி.ஓ. நிறுவனம் அதனை 2019 ஒக்டோபர் 20 முதல் டிசம்பர் 15 வரை ஒன்பது அங்கங்களாக ஒளிபரப்பியது. மறு ஆண்டு அது பதினொரு எம்மி விருதுகளைப் பெற்றது. தலைமைப் பாத்திரத்தில் நடித்த ரெஜினா கிங் பெற்ற விருதும் அவற்றுள் ஒன்று. இதற்கு மூலமாக அமைந்தது, அலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்து 1986-87இல் பன்னிரண்டு இதழ்களாக வெளிவந்த சித்திரக்கதை. தொடர் அதன் மறுபதிப்பன்று. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் நடப்பதாக அமைந்த தொடர்ச்சி.

கதையை அறியாதார்க்குச் சில சொற்கள். இது நாம் அறிந்த வரலாறன்று. அணு ஆய்வுகூட விபத்தொன்றில் உடல் சிதைந்து, பின் நீலநிற மேனியுடன் கடவுளுக்கு நிகரான ஆற்றல் பெற்று மீண்ட ஒரு விஞ்ஞானி இருக்கிறான். அவனுக்கு டொக்டர் மன்ஹாட்டன் என்று பெயர். நிக்ஸனின் வேண்டுகோளின்பேரில் வியட்நாம் போரை அமெரிக்காவுக்கு வென்று கொடுத்தவன் அவனே. தொடரில் வியட்நாம் ஐக்கிய அமெரிக்காவின் ஒரு மாநிலமாகவே ஆகிவிட்டது. 1985இல் ஏட்ரியன் வைட் என்னும் கோடீஸ்வரன், அணுப்போரைத் தடுப்பதாகக் கருதி, வேற்றுலகிலிருந்து வந்ததுபோற் செய்த இராட்சதக் கணவாய் ஒன்றை நியூயோர்க்கின்மீது இறக்கி முப்பது இலட்சம் பேரைக் கொல்கிறான். உலக வல்லரசுகள் அந்தப் பொய்யை நம்பிச் சமாதானமாகின்றன. 2019இல், ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில், பொலிசார் முகத்தை மறைத்துக்கொண்டு கடமை செய்கின்றனர். அவர்களுள் ஒருத்தி ஏஞ்சலா அபார் என்னும் கறுப்பினப் பெண். அவளுடைய கணவனோ, தன் நினைவைத் தானே அழித்துக்கொண்டு சாதாரண மனிதனாக மறைந்து வாழும் மன்ஹாட்டன். அவனுடைய ஆற்றலைப் பறிக்க 'ஏழாவது குதிரைப்படை' என்னும் வெள்ளையின வெறியர் கூட்டமும், லேடி ட்ரியு என்னும் வியட்நாமியச் செல்வச் சீமாட்டியும் தனித்தனியே திட்டமிடுகின்றனர். இரு திட்டங்களும் தோற்கின்றன. மன்ஹாட்டனும் மாண்டு போகிறான்.

இனிக் கடைசிக் காட்சி. தன் ஆற்றலை ஒரு முட்டைக்குள் அடக்கி இன்னொருவருக்குக் கொடுக்க முடியும் என்று கணவன் முன்னொருநாள் சைகோன் மதுச்சாலையில் விளையாட்டாகச் சொன்னது ஏஞ்சலாவின் நினைவுக்கு வருகிறது. சமையலறைத் தரையில் உடைந்து கிடக்கும் முட்டைகளிடையே உடையாத ஒன்று இருக்கிறது. அதைப் பச்சையாக விழுங்கிவிட்டு, வீட்டின் பின்புற நீச்சற் குளத்தின் விளிம்பில் நின்று, வெறுங்காலை நீரின்மேல் வைக்கிறாள். கணவன் அதே நீரின்மேல் நடந்து காட்டியதை முன்னர் அவள் கண்டிருக்கிறாள். பாதம் நீரைத் தொடும் கணத்தில் திரை இருள்கிறது. அவ்வளவே. லின்டலொஃப் தாம் இக்கதையைத் தொடரப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்.

அந்தப் பாதம் மூழ்கியதா, மூழ்கவில்லையா? நம்மூரில் நான் கேட்ட விவாதங்களில் மூன்று கட்சிகள் இருந்தன. தொடர் முழுவதும் முட்டையும் நீரும் அடையாளமாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுவதால் அவள் ஆற்றல் பெற்றுவிட்டாள் என்பது முதற்கட்சி. கெட்டிக்கார மாணவர் பெரும்பாலும் இக்கட்சியினர். அற்புதத்தை நம்பி ஏமாறுவதே மனித இயல்பு, அவள் நனைந்துதான் போயிருப்பாள் என்பது இரண்டாவது. அதை அறிய வேண்டியதேயில்லை, அந்த அறியாமையே கலை என்பது மூன்றாவது. இந்த மூன்றாங் கட்சியில் ஆசிரியர் சிலரும் இருந்தனர் என்பதைச் சொல்லவேண்டும். மூன்று கட்சியாரும் ஓர் அடிப்படையில் ஒற்றுமைப்படுகின்றனர்: கேட்கப்பட வேண்டிய கேள்வி அந்தப் பாதத்தைப் பற்றியது என்பதை மூவருமே ஒப்புக்கொள்கின்றனர். நான் மறுப்பது அந்த அடிப்படையையே.

மூலநூலின் முடிவை நோக்குவோம். அதுவும் முடியாத முடிவுதான். வைட்டின் கொலைச்செயலை அறிந்தும் ஏனைய வீரர்கள், உலக சமாதானத்தின் பொருட்டு என்று சொல்லி, வாய்மூடிக்கொள்கின்றனர். மறுக்கும் ரோர்ஷாக் என்பவன் கொல்லப்படுகிறான். ஆனால் இறப்பதற்கு முன் அவன் தன் நாட்குறிப்பை ஒரு வலதுசாரிப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறான். அந்தக் காரியாலயத்தில் வேலைபார்க்கும் மந்தபுத்தியுள்ள இளைஞனின் கை, குப்பைபோற் குவிந்த கடிதங்களை நோக்கி நீள்கிறது. அங்கே கதை நிற்கிறது. இந்த நிறுத்தம் எவ்வளவு கனம் பொருந்தியது என்று பாருங்கள். உண்மை வெளிவருமா, வெளிவந்தால் நம்புவார்களா, முப்பது இலட்சம் பிணங்களின்மேல் எழுப்பிய சமாதானத்தைச் சமாதானம் என்று அழைக்கலாமா, உண்மையைச் சொல்பவன் ஒரு வெறியனாகவும் அதை அச்சிடுவது ஒரு மஞ்சட் பத்திரிகையாகவும் இருந்தால் அந்த உண்மை என்னவாகும் — இவை அனைத்தும் மக்களைப் பற்றிய கேள்விகள். மூரினால் அவற்றுக்கு விடை கூறியிருக்க முடியாது. விடை அவருடைய கையில் இல்லை. அச்சில் வந்ததைப் படிக்கப்போகும் சமுதாயத்தின் கையில் இருந்தது.

தொலைக்காட்சித் தொடரின் சிறப்புகளுள் முதன்மையானது, இந்தப் பழைய கேள்விக்கு அது கூறும் விடையேயாகும். நாட்குறிப்பு அச்சாகிவிட்டது. ஆனால் உலகம் அதை நம்பவில்லை. நம்பியவர்கள் வெள்ளையின வெறியர்கள் மட்டுமே. ரோர்ஷாக்கின் மைக்கறை முகமூடியையே அவர்கள் தங்கள் சீருடையாக்கிக்கொண்டனர். தனிமனித ஆவேசத்தை வீரம் என்று கொண்டாடினால் அது கடைசியில் யாருக்குப் பயன்படும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான விமர்சனம் அந்த வகைக் கலையில் எழுந்ததில்லை என்பது என் கருத்து. அவ்வாறு மூலநூலின் முடிவை எடுத்து வரலாற்றுக்குள் வைத்துப் பரிசோதித்த அதே கலைஞர், தம்முடைய முடிவை மட்டும் ஒரு நீச்சற் குளத்தில் ஏன் வைத்தார்? அதை அறிய, தொடர் எதைச் சாதித்தது என்பதையும் எதில் தடுமாறியது என்பதையும் சேர்த்தே காணவேண்டும்.

சாதித்தது பெரிது. தொடர் 1921இல் தொடங்குகிறது. அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாட்களில் டல்சாவின் கிரீன்வூட் பகுதியில், உழைத்துச் செழித்திருந்த கறுப்பின மக்களின் முப்பத்தைந்து வீதித்தொகுதிகள் வெள்ளையர் கும்பலால் எரிக்கப்பட்டன. இறந்தோர் முப்பத்தாறு பேர் என்பது அக்கால அரசாங்கக் கணக்கு. முந்நூறு வரை இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் மதிப்பீடு. மாநில அரசு ஆணைக்குழு அமைத்தது 1997இல். அறிக்கை வந்தது 2001இல். எண்பது ஆண்டுகள்! இடையில் அந்நிகழ்ச்சி பாடநூலில் இல்லை, நினைவுத்தூணில் இல்லை. தப்பியவர்களின் வீடுகளில் மட்டும் தணிந்த குரலில் இருந்தது. அமெரிக்கர் பலர் அதைப் பற்றி முதன்முதல் அறிந்ததே இத்தொடரின் முதற்காட்சியினால் என்பது கலைக்குப் பெருமையோ, கல்விக்கு இழிவோ, நான் தீர்மானிக்க மாட்டேன்.

நான் ஓர் ஆசிரியன். என் மாணவர்களின் பாடநூல்களில் 1990 ஆகஸ்ட் மாதம் இல்லை. காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் நின்றவர்கள் இல்லை, ஏறாவூர் இல்லை, வீரமுனை இல்லை. எங்கள் வீடுகளில் முதலிரண்டு பெயர்களும் உண்டு, மூன்றாவது இல்லை. அயலிலுள்ள தமிழ் வீடுகளில் மூன்றாவது உண்டு, முதலிரண்டும் இல்லை. ஒவ்வொரு சமூகமும் தன் பிணங்களை மட்டும் எண்ணிக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் நாட்டில், நினைவை விழுங்கும் மாத்திரை என்ற கற்பனையை நாம் வெறும் கேளிக்கையாகப் பார்க்க முடியாது. தொடரில் ஏஞ்சலா தன் பாட்டனான வில் ரீவ்ஸின் நினைவு மாத்திரைகளை ஒருங்கே விழுங்கி, அவனுடைய இளமையை அவனாகவே வாழ்கிறாள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட அந்த ஆறாவது அங்கமே தொடரின் உச்சம். டல்சாவில் சிறுவனாகத் தப்பிய வில், நியூயோர்க்கில் பொலிஸ்காரனாகிறான். சக பொலிசாரே அவன் தலையில் சாக்கை மூடி, கழுத்தில் கயிறிட்டு மரத்தில் தூக்கி, சாகுமுன் இறக்கிவிடுகின்றனர். அந்தச் சாக்கும் கயிறுமே பின்னர் அவனுடைய முகமூடியும் உடையும் ஆகின்றன. உலகின் முதல் முகமூடி வீரன் அவன். வெள்ளையன் என்று உலகம் எண்ணட்டும் என்பதற்காகக் கண்ணைச் சுற்றி வெள்ளை மை பூசிக்கொள்கிறான். மூலநூலில் அடையாளம் கூறப்படாதிருந்த ஒரு பாத்திரத்தின் முகத்திரையை விலக்கி, அதற்குள் அமெரிக்க வரலாற்றின் வடுவைக் காட்டியது இது.

ஆனால் முகமூடி என்ற இதே பொருளில்தான் தொடர் தடுமாறவும் செய்கிறது. பொலிசார் முகத்தை மறைக்கலாம் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தவன் கீன் என்னும் செனட்டர். ஏழாவது குதிரைப்படையின் தலைவனும் அவனே. தாக்குபவனின் முகமூடியும் தடுப்பவனின் முகமூடியும் ஒரே தையற்கடையில் தைக்கப்பட்டவை என்பது இதன் பொருள். இதை உணர்த்திய தொடர், முதல் இரு அங்கங்களில் ஏஞ்சலா என்ன செய்கிறாள் என்பதை மறந்துவிடுகிறது. ஏழை வெள்ளையர் வண்டிவீடுகளில் வாழும் 'நிக்ஸன்வில்' என்ற சேரிக்குள் அவள் தனியே நுழைந்து, சந்தேகத்துக்குரிய ஒருவனை அடித்து, காரின் பின்பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்து, மூடிய கதவுக்குப் பின்னால் விசாரிக்கிறாள். கதவின் கீழால் இரத்தம் வழிந்து வருகிறது. அடுத்த அங்கத்தில் பொலிஸ் முழுவதும் அந்தச் சேரியைச் சுற்றிவளைக்கிறது. முதலில் தயங்கி நிற்பவள் பின்பு தானும் அடிக்கிறாள். அதன்பின் அந்த மனிதர்கள் கதையில் இல்லை. அவர்கள் ஏன் அங்கே வாழ்கிறார்கள், வறுமையில் கிடந்தவனை இனவெறியன் எந்த வாக்குறுதியினால் வென்றெடுத்தான் என்பதெல்லாம் கேட்கப்படவேயில்லை.

இக்காட்சியை அமெரிக்க விமர்சகர் எப்படிப் பார்ப்பார் என்பது வேறு விடயம். நாம் வேறுவிதமாகப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். சுற்றிவளைப்பு என்ற சொல்லைக் கிழக்கு மாகாணத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. தலையில் சாக்கை மூடி, கண்ணுக்கு மட்டும் துளையிட்டு, வரிசையில் நிறுத்தப்பட்ட இளைஞரைப் பார்த்துத் தலையசைத்தவனைத் 'தலையாட்டி' என்று தமிழ்மக்கள் அழைத்தனர். அவன் ஒருமுறை தலையசைத்தால் ஓர் இளைஞன் வீடு திரும்பான். 1979இன் பயங்கரவாதத் தடைச்சட்டம் அந்தத் தலையசைப்புக்குப் பின்னால் நின்றது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதித் தாக்குதல்களின் பின், அதே மாதம் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் வெடித்த வீட்டின் பின், எங்கள் ஊர்களில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. 29ஆம் திகதி அவசரகால விதிகளின்கீழ் பெண்கள் முகத்தை மூடுவது தடைசெய்யப்பட்டது. இத்தொடர் வெளியானது அவ்வாண்டின் இறுதியில். முகத்தை மூடும் உரிமை யாருக்கு, மூடாதிருக்கும் கடமை யாருக்கு என்பதை அரசே தீர்மானிக்கிறது என்பதை நாங்கள் எந்தத் தொடரும் பார்க்காமலே அறிந்துகொண்டோம். ஆகவே கதவின் கீழால் வழிந்த அந்த இரத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஒன்பதாவது அங்கத்தில் அந்தக் கதவுக்கு உட்புறம் நின்றவளின் பாதமே நீரின்மேல் வைக்கப்படுகிறது.

லேடி ட்ரியுவின் கதி இன்னும் ஆராயத்தக்கது. மூன்றாம் நூற்றாண்டில் சீனப் படையெடுப்பாளரை எதிர்த்து நின்ற வியட்நாமிய வீராங்கனையின் பெயரைத் தாங்கியவள் அவள். அவளுடைய தாய், தாயகத்தைப் பறிகொடுத்து வைட்டின் மாளிகையில் துப்புரவு வேலை செய்த அகதி. வியட்நாமை எரித்தது மன்ஹாட்டனின் ஆற்றல். அந்த ஆற்றலை எரிக்கப்பட்டவர்களின் மகள் கேட்கிறாள். நியாயமான கேள்வி என்றுதான் நினைக்கத் தோன்றும். கதை அவளை என்ன செய்கிறது? அவளை ஆணவம் பிடித்தவளாக்கி, தந்தை வைட்டின் கையாலேயே உறைந்த கணவாய் மழை பொழிவித்துக் கொன்றுவிடுகிறது. கடவுளின் ஆற்றலை விரும்புகிறவர் எவரோ அவரே அதற்குத் தகுதியற்றவர் என்பது அங்கே சொல்லப்படும் நியாயம். அதைச் சொல்பவன் முப்பது இலட்சம் பேரைக் கொன்றவன் என்பதைக் கவனிக்க. சில நிமிடங்கள் கழித்து, அதே ஆற்றல், அதைத் தேடாதவளான ஏஞ்சலாவின் வீட்டுச் சமையலறையில் முட்டையாகக் கிடக்கிறது. அவள் யார்? வியட்நாமை ஆக்கிரமித்த படையில் சேவைசெய்த அமெரிக்கச் சிப்பாயின் மகள், தானும் பொலிஸ். அதிகாரத்தை விரும்பாதவனே அதிகாரத்துக்குத் தகுந்தவன் என்ற நீதியை நாம் பழைய அரச கதைகளிற் கேட்டிருக்கிறோம். முடியை வேண்டாதவனின் தலையில் யானை மாலை போடும். ஆனால் யானையை அனுப்புவது எப்போதும் அரண்மனைதான்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலிமையான வாதம் ஒன்று உண்டு. அதை ஒரு மாணவியே என்னிடம் சொன்னாள். "சேர், நூறு வருஷமா மிதிபட்ட ஆக்கள்ர பேத்திட கையில சக்தி வாற நேரத்தில மட்டும் ஏன் நாம கணக்குக் கேக்கிறம்? வெள்ளைக்காரன்ட கையில இருந்த நேரம் ஆர் கேட்டது?" இக்கேள்வியின் நியாயம் என்னைச் சில நாட்கள் சும்மா இருக்கவிடவில்லை. கறுப்பினப் பெண்ணொருத்தியின் பாதம் நீரின்மேல் நிற்கும் என்று கற்பனை செய்ய உனக்கு மனம் வருகிறதா என்று அந்த இருண்ட திரை பார்ப்பவனை நோக்கிக் கேட்கிறது என்பதே அவளுடைய விளக்கம். மூழ்குவாள் என்று சொல்பவன் தன்னையே காட்டிக்கொடுக்கிறான். இவ்வளவு நுட்பமாகத் தொடரைப் பாதுகாத்த வேறெவரையும் நான் காணவில்லை.

எனினும் கணக்குக் கேட்பது தொடர்தான், நானல்லன். மன்ஹாட்டன் நல்லவன்தான், ஆனால் தன்னால் இயன்றதோடு ஒப்பிட்டால் அவன் செய்தது போதாது என்ற பொருளில் வில் ரீவ்ஸ் தன் பேத்தியிடம் இறுதி அங்கத்தில் கூறுகிறான். காயம் ஆறுவதற்குக் காற்று வேண்டும், முகமூடிக்குள் அது ஆறாது என்றும் அவனே உணர்த்துகிறான். அவ்வாறாயின் அவள் செய்யவேண்டிய அந்த 'மேலதிகம்' யாது? யாரோடு சேர்ந்து? யாருக்குப் பதில் சொல்லும் கடப்பாட்டோடு? பாட்டன் தன் வாழ்நாள் முழுதும் தனித்தே நின்று போராடித் தோற்றவன். இனவெறிச் சதிகாரரை ஒரு கிடங்கில் அவன் தனியே கொன்றொழித்தான். மறுநாளும் சதி இருந்தது. கறுப்பின மக்கள் வீதியில் இறங்கி, சங்கம் அமைத்து, பேருந்தைப் பகிஷ்கரித்து, சிறை சென்று, வாக்குரிமை பெற்ற வரலாறு மெய்யான அமெரிக்காவில் உண்டு. ஒன்பது மணிநேரத் தொடரில் அந்த வரலாறு இல்லை. கிரீன்வூட் எரிகிறது; பின் ஒரு தனிமனிதன் முகமூடி அணிகிறான்; அவன் பேத்தி ஒரு முட்டையை விழுங்குகிறாள். இடையில் மக்கள் எங்கே போனார்கள்? மாணவியின் கேள்விக்கு என் விடை இதுதான்: சக்தி மிதிபட்டவர்களின் கையில் வரவேண்டும், ஆனால் இத்தொடரில் அது அவர்களின் கையில் வரவில்லை, அவர்களுள் ஒருத்தியின் வயிற்றில் மட்டும் போயிருக்கிறது.

அநீதி இழைக்கப்பட்ட பெண்ணொருத்தியின் கையில் நகரையே எரிக்கும் ஆற்றல் வந்த கதை எங்களுக்குப் புதிதன்று. சாய்ந்தமருதை அடுத்த காரைதீவிலும், தெற்கே தம்பிலுவிலிலும், வைகாசி மாதத்தில் கண்ணகி கோயில்களில் கதவு திறந்து வழக்குரை படிப்பார்கள். சிறுவயதில் அந்த ஓசை காற்றோடு எங்கள் தெருவரை வந்து கேட்கும். மதுரையை எரித்தவள் தெய்வமாகி வானுலகு சென்றாள் என்று காப்பியம் முடிந்துவிடுகிறது. ஆனால் இக்கரையின் மக்கள் அம்முடிவோடு அமைதி கொள்ளவில்லை. ஆண்டுதோறும் குளிர்த்தி பாடுகிறார்கள். அவளுடைய கோபம் நியாயமானது; அதை எவரும் மறுப்பதில்லை. அதே வேளை, எரிந்துகொண்டிருக்கும் ஒருத்தியை அப்படியே விட்டுவிட்டு ஊர் உறங்க முடியாது. அவளைக் குளிர்விப்பது ஊரின் கடன். அவளும் ஊரோடு பேசவேண்டும், ஊரும் அவளோடு பேசவேண்டும். பாமர மக்கள் கண்ட இந்த முடிவில் சமயம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக ஒரு சமூக ஒப்பந்தம் இருக்கிறது. பல கோடி டொலர் செலவிட்ட தொடர், குளத்தருகில் அவளைத் தனியே விட்டுவிட்டு விளக்கை அணைத்துவிட்டது.

தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த நாட்களில், 2019 நவம்பர் 16ஆம் திகதி, இந்நாடும் ஒரு வலிய கையைத் தேடி வாக்களித்தது. அந்தக் கை என்ன செய்தது என்பதையும், 2022 ஜூலையில் அதே மக்கள் அதை எவ்வாறு அகற்றினர் என்பதையும் நம் மாணவர் கண்ணாற் கண்டிருக்கின்றனர். இரட்சகனுக்காகக் காத்திருப்பதன் விலையை அறிந்த தலைமுறை அது. அவர்களிடம்போய்ப் பாதம் மூழ்கியதா என்று விவாதிக்கச் சொல்வது அவர்களின் அநுபவத்தைக் குறைத்து மதிப்பதாகும்.

இவ்வளவும் கூறியபின், தொடருக்குள்ளேயே வேறொரு முடிவு கவனிப்பாரின்றிக் கிடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். இறுதி அங்கத்தில், தென்துருவத்திலுள்ள வைட்டின் கோட்டையில், லோரி பிளேக் என்னும் புலனாய்வு அதிகாரியும், கண்ணாடி முகமூடி அணியும் டல்சாப் பொலிஸ்காரன் ஒருவனும் அவனைக் கைதுசெய்கின்றனர். 1985இல் நியூயோர்க்கில் நடந்த கொலைகளுக்கான கைது அது; அவனே தன் வாயால் ஒப்புக்கொண்ட பதிவும் அவர்களிடம் இருக்கிறது. அந்தப் பொலிஸ்காரன் இளைஞனாக அன்று நியூயோர்க்கின் அருகே நின்று உயிர்தப்பியவன். வாழ்நாள் முழுவதும் அந்தப் பொய்க் கணவாயை நினைத்து நடுங்கியவன். உண்மை வெளியானால் உலகம் அழிந்துவிடும் என்று வைட் எச்சரிக்கிறான். இத்தகைய எச்சரிக்கைகளை நிறையக் கேட்டாயிற்று என்ற பாவனையில் லோரி அதைத் தள்ளிவிடுகிறாள். மூலநூலில் அச்சுக் காரியாலயத்தில் விடப்பட்ட அதே கேள்வி இங்கே மீண்டும் எழுந்து நிற்கிறது. இம்முறை ஒரு வெறியனின் நாட்குறிப்பாக அல்ல, குற்றவாளியின் வாக்குமூலமாக. முப்பத்து நான்கு ஆண்டுச் சமாதானம் பொய்யின்மேல் நின்றது என்று அறிந்ததும் வல்லரசுகள் என்ன செய்யும்? இறந்த முப்பது இலட்சம் பேரின் பிள்ளைகள் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்கள்? இதுவன்றோ நம் வகுப்பறைகளில் விவாதிக்கத்தக்க முடியாத முடிவு! தொடர் இதற்கு ஒதுக்கியது சில நிமிடங்களே. பழைய ஆகாயக் கப்பலொன்றில் கைதியை ஏற்றிக்கொண்டு அவர்கள் தென்துருவத்திலிருந்து புறப்பட ஆயத்தமாகிறார்கள். கமரா அவர்களைப் பின்தொடரவில்லை. டல்சாவுக்குத் திரும்பி, சமையலறையில் முட்டையைத் தேடப் போய்விடுகிறது.